எழுத்தாளர் சந்திப்பு என்று புத்தகக் கடைக்குப் போகத்தான் வேண்டுமா? யூடியூப்பில் பேட்டி பார்த்தால் போதாதா?

போதும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மகளுக்குச் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள் வாங்கப் போனபோது, உள்ளே முப்பது பிளாஸ்டிக் கதிரை போட்டு ஒரு சரித்திர நாவலுக்குக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை. சரி, விடும்வரைக்கும் என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

நாவலின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், வேண்டாம். கதை ரொபேட் நொக்ஸ் தப்பி ஓடியதைப் பற்றியது. 1660-ல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் தொப்பி பின்னியும் சாமான் விற்றும் பிழைத்த ஆங்கிலேய மாலுமி. 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு வியாபாரத்துக்குப் போவதுபோலக் கிளம்பி, அநுராதபுரத்தில் மல்வத்து ஓயாவைப் பிடித்து (நம் பக்கம் வந்தால் அதுதான் அருவியாறு) காட்டுக்குள்ளால் நடந்து, ஒக்டோபர் 18-ல் மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத ஒன்றும் இருக்கிறது. வழியில் ஒரு மரத்தடியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பிராமணர்களைக் கண்டு, கையில் இருந்ததைக் கொடுத்து, ஒல்லாந்தரிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதாக நொக்ஸே எழுதியிருக்கிறார். அந்த இருவரில் ஒருவர் சொல்வதாகத்தான் நாவல் போகிறது. இதைக் கேட்டபிறகு மழையை மறந்துவிட்டேன்.

ஆனால் முதல் முக்கால் மணி நேரம் வழக்கமான கூத்துத்தான். பொன்னாடை, "ஆசிரியரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்" என்று மூன்று பேர், கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பது. இதை மட்டும் வைத்துக் கேட்டால் உங்கள் கேள்வி நியாயம்தான்.

பிறகுதான் ஆசிரியர் பையிலிருந்து மூன்று களிமண் வில்லைகளை எடுத்தார். அந்தக் காலத்தில் கண்டி அரசின் காவல் கடவைகளைத் தாண்ட வேண்டுமானால் களிமண்ணில் பதித்த முத்திரைதான் அனுமதிச்சீட்டு. ஆளைப் பொறுத்துப் படம் மாறும். சிப்பாய்க்குத் தோளில் ஈட்டி வைத்த மனிதன், கூலியாளுக்குக் காவுதடியின் இரண்டு முனையிலும் பை தொங்கவிட்ட மனிதன், வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும். நொக்ஸ் எழுதியதை வைத்து ஒரு குயவரிடம் செய்வித்தாராம். கைமாறிக் கைமாறி என்னிடம் தொப்பிக்காரன் வந்தான். சுடாத மண், மாரி பிஸ்கட் அளவு, ஓரத்தைத் தொட்டதும் விரலில் தூள் ஒட்டியது. பக்கத்தில் இருந்த பொடியன் வாங்கி ஒரு அமுக்கு அமுக்கினான், இரண்டாகப் போய்விட்டது. தாய் கையை ஓங்க, ஆசிரியர், "விடுங்கோ அக்கா, உடைஞ்சால்தான் கதை. இது உடைஞ்சவன் பாதையால போகேலாது, காட்டுக்குள்ளாலதான் போகவேணும்" என்றார். நாவலில் மழையில் இந்த வில்லை கரைகிற ஒரு அத்தியாயம் இருக்கிறது. வீட்டில் படித்தபோது அந்த இடத்தில் என்னை அறியாமலே விரலைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்தது கேள்வி நேரம். முதல் இரண்டு பேர் கேள்வி என்று எழும்பிச் சொற்பொழிவாற்றினார்கள், அதைச் சகித்துத்தான் ஆகவேண்டும். மூன்றாவதாக எழும்பியவர் விவசாயத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, புத்தகத்துக்குள் நாலைந்து பஸ் டிக்கட்டைச் செருகி அடையாளம் வைத்திருந்தார். "தம்பி, உங்கட வழிகாட்டி காட்டுக்குள்ள மரவள்ளிக்கிழங்கு சுட்டுச் சாப்பிடுறான். மரவள்ளியை ஒல்லாந்தர் மொரிஷியசில இருந்து 1786-லதானே கொண்டுவந்தவங்கள்? இவன் நூறு வருசத்துக்கு முன்னமே எங்கை பிடுங்கினவன்?"

ஆசிரியருக்கு வாயடைத்துப் போய்விட்டது. இதைத்தான் சொல்ல வந்தேன். பேட்டி எடுப்பவர் பெரும்பாலும் பின்னட்டையோடு நிறுத்தியிருப்பார், "இந்தக் கதைக்கரு எப்படித் தோன்றியது?" என்பார், ஆசிரியரும் தயாராக வைத்திருக்கிற பதிலைச் சொல்வார். பஸ் டிக்கட் செருகிக்கொண்டு வருகிற வாசகரிடம் அந்தப் பதில் செல்லாது. கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதரும், "அப்ப என்ன சாப்பிட்டிருப்பான் அம்மா?" என்று உண்மையாகவே கேட்டார். "குரக்கன். நொக்ஸே எழுதிவைச்சிருக்கிறாரே, நீங்கள் வாசிக்கேல்லையா?" அதன்பிறகு கடையே அந்த வழிகாட்டிக்குச் சமைக்கத் தொடங்கிவிட்டது. மிளகாய் போடலாமா என்று ஒருவர், அது போர்த்துக்கேயரோடு முன்னமே வந்துவிட்டது தாராளமாகப் போடலாம் என்று இன்னொருவர், இரவில் நெருப்பு மூட்டினால் காவல்காரனுக்குப் புகை தெரியாதா என்று அந்தப் பொடியன்.

ஆகவே போங்கள். ஆனால் நாவலை முதலே வாங்கிப் பாதியாவது படித்துவிட்டுப் போங்கள், நான் படிக்காமல் போனதால் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலரைக்கு என்று போட்டிருந்தால் ஐந்தேகாலுக்குப் போனால் போதும், பொன்னாடை முடிந்திருக்கும்.

கடைசியில் கையெழுத்து வாங்க நின்றபோது அந்த அம்மா எனக்கு முன்னால். ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, 'மரவள்ளிக்கிழங்கு சுட்டு' என்பதை வெட்டி மேலே 'குரக்கன் ரொட்டி' என்று எழுதி அதற்கும் ஒரு சின்னக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அதைக் கண்டதும், முன்னமே வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். என்னுடைய பிரதியிலும் இருக்கிறது. வினாத்தாள்தான் வாங்க மறந்துபோனேன்.