சூர்ப்பணகையின் சிந்தனைக் குமிழ்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சூர்ப்பணகை தன் கதையைத் தானே சொல்வது போல ஒரு படக்கதை வரைந்துகொண்டிருக்கிறாள். பன்னிரண்டு பக்கம் முடிந்துவிட்டது. காட்டில் தனியாக இருக்கிறாள், ராமனைப் பார்த்து ஆசைப்படுகிறாள், வாய்விட்டுக் கேட்கிறாள், மூக்கறுபடுகிறாள். அவ்வளவுதான் கதை. இதைப் பார்த்ததிலிருந்து என் அம்மா பேத்தியோடு சரியாகப் பேசுவதில்லை. “ராமரைக் கெட்டவராக்கிட்டாளே” என்று வருத்தம். மகளோ, “சூர்ப்பணகை பக்கத்தை யாருமே கேட்கல” என்கிறாள். வில்லன் பார்வையில் புராணத்தைச் சொல்வது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டதோ என்று எனக்கும் சந்தேகம். இதை வளரவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரையட்டும். தடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் மகள் ஒரு கட்டத்தை விட்டுவிட்டாள். அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் ராமன் அவளிடம், எனக்கு மணமாகிவிட்டது, தம்பியைப் போய்க் கேள் என்று விளையாட்டாகச் சொல்கிறான். இலக்குவனோ, நான் அண்ணனுக்கு அடிமை, என்னைக் கட்டிக்கொண்டால் நீயும் அடிமைதான், அவரிடமே போ என்று திருப்பி அனுப்புகிறான். அவளுக்கு அது கேலி என்று புரியவில்லை. இந்தச் சீதை இருப்பதால்தானே இவ்வளவும் என்று அவளைத் தின்னப் பாய்கிறாள். மூக்கும் காதும் போவது அதற்குப் பிறகு. இப்படிப்பட்டவர்களோடு விளையாட்டுப் பேச்சே கூடாது என்று ராமனே தம்பியிடம் சொல்கிறான். கேலியையும் பாய்ச்சலையும் வால்மீகி ஒளிக்கவில்லை. உங்கள் மகள் பாய்ச்சலை விட்டுவிட்டாள். உங்கள் அம்மா கேட்டு வளர்ந்த கதையில் அநேகமாகக் கேலி விடுபட்டிருக்கும்.

அந்தப் பாய்ச்சலை அவள் கட்டாயம் வரைய வேண்டும். சூர்ப்பணகையின் கண் வழியாகத்தானே கதை போகிறது? அப்படியென்றால் அந்தக் கட்டத்தில் அவள் முகமே தெரியக் கூடாது. கீழ் விளிம்பிலிருந்து இரண்டு கைகள் மட்டும் நகங்களோடு நீளட்டும். எதிரே சீதையின் கண்கள். வேறு எதுவும் வேண்டாம், வசனமும் வேண்டாம். பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு ஒரு கணம் அந்தக் கைகள் தன் கைகளாகத் தோன்றும். உரைநடையில் இதைச் செய்ய நான் பத்து வரி திணற வேண்டும். படக்கதைக்கு ஒரு கட்டம் போதும். அவள் செய்ததை முழுசாக வைத்துக்கொண்டு, செய்த நேரத்தில் அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று காட்டினால் வாசகர் அவள் கூடவே வருவார். குற்றத்தைக் கழித்துவிட்டால் வெறும் பாவப்பட்ட பெண்தான் மிஞ்சுவாள்.

ஃபேஷனா என்று கேட்டிருந்தீர்கள். கதகளியில் ‘ராவணோத்பவம்’ என்று ஓர் ஆட்டக்கதை உண்டு. சிறுவன் ராவணன் தாய் மடியில் தூங்குகிறான். வானத்தில் குபேரன் புஷ்பக விமானத்தில் போகிறான். கணவனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவன் அத்தனை செல்வத்தோடு போவதைப் பார்த்துத் தாய் கைகசி அழுகிறாள். அந்தக் கண்ணீர் பட்டுத்தான் ராவணன் விழிக்கிறான். தலைகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தீயில் போடும் தவம் வரை அவனைக் கொண்டுபோவது அதுதான். விளக்கின் முன் உட்கார்ந்து பக்தர்களே விடிய விடியப் பார்த்த ஆட்டம் இது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தமிழில் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-ல் வந்தது, 1948-ல் தடை செய்யப்பட்டது, 1971-ல்தான் தடை நீங்கியது. அது ராவணனையே நாயகனாக்கிய காவியம். அந்தக் காலத்து வாதத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். என் மனம் என்னவோ நாயகனையும் வில்லனையும் இடம் மாற்றி உட்கார வைப்பதில் அதிகம் ஒட்டுவதில்லை.

இன்னொன்று. சூர்ப்பணகைக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் படித்து வளர்ந்த படக்கதைகளில் தேவர்கள் வெளுப்பு, அசுரர்கள் கறுப்பு, கோரைப்பல். அந்தப் பழக்கத்தை அவள் தூக்கிப் போடட்டும்.

சரி, அவள் ஏன் அந்தக் காட்டில் இருக்கிறாள்? உத்தர காண்டத்தில் பதில் இருக்கிறது. காலகேயர் என்ற அசுரர்களோடு நடந்த போரில் அவள் கணவன் வித்யுஜ்ஜிஹ்வனைக் கொன்றவன் ராவணன், அவளுடைய சொந்த அண்ணன். அழுதுகொண்டு வந்து நின்ற தங்கையைச் சமாதானப்படுத்தி, உறவில் சகோதரனான கரனைத் துணைக்குக் கொடுத்துத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பிவிடுகிறான். பன்னிரண்டு பக்கத்தில் இது இல்லை என்றால் கதை இன்னும் தொடங்கவே இல்லை என்பேன்.

மூக்கறுபட்டவள் முதலில் கரனிடம் ஓடினாலும், கடைசியில் போய் நிற்பது அதே அண்ணன் ராவணன் முன்னால்தான். அங்கே ஒரு பொய் சொல்கிறாள்: சீதையை உனக்கு மனைவியாகக் கொண்டுவரப் போனேன், அதனால்தான் எனக்கு இந்தக் கதி. வால்மீகி அவள் பேச்சை மட்டும் தருகிறார், மனசுக்குள் போவதில்லை. படக்கதையில் ஒரே கட்டத்துக்குள் பேச்சுக் குமிழும் போடலாம், சிந்தனைக் குமிழும் போடலாம். பேச்சுக் குமிழில் வால்மீகி சொன்ன பொய் இருக்கட்டும். பக்கத்துக் குமிழில் உங்கள் மகள் என்ன எழுதுவாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. முடித்ததும் அந்தப் பக்கத்தை முதலில் பாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள்.