பழைய பாயிண்ட் கரையட்டும்: கில்டில் லூட் பிரிக்க ஒரு கணக்கு

கேள்வி: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டில் 40 பேர் ரெய்டு (பெரிய எதிரிகளைக் கொல்லும் கூட்டுச் சண்டை) போகும் கில்டை, அதாவது வீரர்கள் குழுவை, நடத்துகிறேன். லூட்டை, அதாவது எதிரி செத்தால் விழும் பொருட்களைப் பிரிக்க ஒரு வருடமாக டிகேபி முறைதான்: வந்ததற்குப் பாயிண்ட், அதைச் செலவழித்துப் பொருள். பழையவர்களிடம் ஆயிரக்கணக்கில் பாயிண்ட் குவிந்து கிடக்கிறது, நல்ல பொருள் எது விழுந்தாலும் அவர்களுக்கே போகிறது. புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதிகாரிகள் பேசி முடிவெடுத்துப் பொருளைக் கொடுக்கும் லூட் கவுன்சிலுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டியது உண்மைதான், ஆனால் கவுன்சிலுக்கு இல்லை. இபிஜிபி என்ற முறைக்கு மாறுங்கள், அதைக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன்னால் உங்கள் டிகேபியில் எங்கே கோளாறு என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதே கோளாறைப் புது முறைக்கும் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

டிகேபி 1999-ல் எவர்குவெஸ்ட் விளையாட்டில் ஆஃப்டர்லைஃப் என்ற கில்டில் பிறந்தது. நாகஃபென், வாக்ஸ் என்று இரண்டு டிராகன்கள், அவற்றைக் கொல்லப் போகும் பெருங்கூட்டம், விழுவதோ கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பொருட்கள். வந்தவர்களுக்கெல்லாம் பாயிண்ட் போடுவது, பொருள் எடுப்பவர் அதைச் செலவழிப்பது என்பது அன்றைக்கு நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு வாரமும் 40 பேருக்கும் புதிதாகப் பாயிண்ட் அச்சடித்துக்கொண்டே இருக்கிறோம், செலவழிப்பவர்கள் மிகச் சிலர். மீதி அப்படியே தேங்குகிறது. வாரம் 300 என்று வைத்தால், எதுவும் எடுக்காத பழைய ஆளிடம் ஒரு வருடத்தில் 15,600 சேர்ந்திருக்கும். ஏழு வாரம் தவறாமல் வந்த புது ஆளிடம் 2,100. அவர் எப்போது எட்டிப் பிடிப்பார்? பிடிக்கவே மாட்டார். இதில் ஏலமும் இருந்தால் இன்னும் மோசம், ஒரே பொருட்களுக்குப் போட்டியிடும் வார்லாக் வகை வீரர்கள் நாலு பேர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு எடுத்துவிடுவார்கள்.

ஜீரோ சம் டிகேபி என்று ஒன்று உண்டு. ஒருவர் 390 பாயிண்டுக்குப் பொருள் எடுத்தால் மற்ற 39 பேருக்கும் தலா 10 போகும், மொத்தம் எப்போதும் மாறாது. கணக்கு அழகாக இருக்கும், ஆனால் புது பாஸை (பெரிய எதிரியை) வெல்லக் கற்றுக்கொள்ள மூன்று மணி நேரம் செத்துச் செத்துப் பிழைத்த இரவில் பொருளே விழாது, ஆகவே யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. கில்டுக்கு மிகவும் தேவைப்படும் உழைப்பு அதுதான், அதற்குக் கூலி தராத முறை எனக்கு உடன்பாடில்லை.

இபிஜிபியில் இரண்டு எண்கள். உழைப்புக்கு இபி, வாங்கிய பொருளுக்கு ஜிபி. இபியை ஜிபியால் வகுத்தால் வருவது முன்னுரிமை, பொருள் வேண்டும் என்று கேட்பவர்களில் யாருக்கு அந்த எண் அதிகமோ அவருக்குப் பொருள். ஏலம் கிடையாது, பொருளின் விலை முன்கூட்டியே நிர்ணயித்தது. உயிர்நாடி என்னவென்றால், வாரா வாரம் இரண்டு எண்களும் ஒரு குறிப்பிட்ட சதவீதம் தேயும். 10 சதவீதம் தேய்மானம், வாரம் 300 இபி என்று வைத்துப் பாருங்கள்: எத்தனை வருடம் வந்தாலும் இபி 3,000-த்தைத் தாண்டாது. புது ஆள் ஏழாவது வாரத்திலேயே அதில் பாதியைக் கடந்துவிடுவார். பழையவருக்கு மரியாதை இருக்கிறது, புதியவருக்கு வழியும் இருக்கிறது. எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு, அதுதான் பேஸ் ஜிபி, அதாவது எதுவும் வாங்காதவருக்கும் சேர்த்துக்கொள்ளும் அடிப்படை ஜிபி. அதை 100 என்று வைத்தால் முதல் வாரமே வந்தவருக்கு 300-ஐ 100-ஆல் வகுக்க 3 வரும். வருடக்கணக்காக வந்து, வாங்கிய பொருட்களுக்காக 900 ஜிபி ஏறிய பழையவருக்கும் 3,000-ஐ 1,000-ஆல் வகுக்க அதே 3. நேற்று வந்தவரும் இவரும் சமமா என்று கில்டே கொதிக்கும், அந்தக் கொதிப்பு நியாயமானதும்கூட. அதையே 500 ஆக்கினால் புதியவருக்கு 0.6, பழையவருக்கு 2.14. பழையவர் அவ்வப்போது பொருள் வாங்கி அந்த 900-லேயே நின்றால், ஐந்தாவது வாரம் புதியவர் 2.46-க்கு வந்து அவரை முந்துவார், 200 ஜிபி விலையில் ஒரு பொருள் எடுத்ததும் 1.76-க்கு இறங்கி மறுபடி பின்னால் போவார். இந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு வேண்டும். உங்கள் ஆட்களின் எண்களை ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்து, பேஸ் ஜிபியைக் கூட்டிக் குறைத்து, நான்கைந்து வாரத்தில் புது ஆள் வரிசைக்குள் வருகிற மாதிரி வையுங்கள்.

இபியை பாஸ் செத்ததற்கு மட்டும் போடாதீர்கள். நேரத்துக்கு வந்ததற்கு, கடைசிவரை இருந்ததற்கு, மொத்தக் கூட்டமும் செத்துத் தோற்கும் வைப் இரவுகளுக்கு, அப்புறம் இடமில்லை என்று வெளியே காத்திருந்தவர்களுக்கும் போடுங்கள். காத்திருப்பவர்தான் முதலில் மனம் வெறுத்துப் போவார். ஆஃப்ஸ்பெக்குக்கு, அதாவது தன் வழக்கமான பங்குக்கு இல்லாமல் இரண்டாவது பங்குக்கு எடுத்தால் கால் விலை போதும்.

லூட் கவுன்சிலை நான் குறை சொல்லவில்லை. அதிகாரிகள்மேல் எல்லாருக்கும் முழு நம்பிக்கை இருக்கும் கில்டில் அதைவிடச் சிறந்தது இல்லை, ஏனென்றால் எந்தப் பொருள் யாரிடம் போனால் ரெய்டு முன்னேறும் என்று மனிதர்தான் பார்க்க முடியும். ஆனால் உங்கள் கில்டில் ஏற்கெனவே மனக்கசப்பு இருக்கிறது, இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேர் முடிவெடுத்தால் அது நியாயமாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். தண்டர்ஃப்யூரி என்ற வாளைச் செய்யத் தேவையான பைண்டிங் மாதிரி அபூர்வமானவற்றை மட்டும் பாயிண்டுக்கு வெளியே வைத்து, எந்த டேங்குக்கு (எதிரியின் அடியைத் தாங்கும் வீரருக்கு) என்று விழுவதற்கு முன்பே பெயரோடு அறிவித்துவிடுங்கள். தங்கத்தால் ஏலம் விடும் ஜிடிகேபி பக்கம் போகவே வேண்டாம், கிளாசிக்கின் ஒரு வகையான சீசன் ஆஃப் டிஸ்கவரியில் 2024-ல், இரண்டாம் கட்டத்திலிருந்து, விளையாட்டை நடத்தும் பிளிசார்டே அதைத் தடை செய்தது.

மாறும்போது பழைய பாயிண்டை ஒரேயடியாக அழித்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். கடைசி பத்து வாரப் பதிவை எடுத்து, யார் வந்தார்கள், யார் என்ன வாங்கினார்கள் என்று புது விதிப்படியே முதலிலிருந்து கணக்குப் போடுங்கள். ஆரம்ப எண் அதுதான். இரண்டு வாரம் முன்பே பட்டியலை எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள், தவறு இருந்தால் சொல்லட்டும். விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் இபிஜிபி ஆடான் (துணை நிரல்) ஆபீசர் நோட்டில், அதாவது கில்ட் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் அதிகாரிகள் எழுதும் குறிப்பில், எண்களைச் சேமிப்பதானால், அதை எல்லாரும் பார்க்கவும் அதிகாரிகள் மட்டும் திருத்தவும் அனுமதி கொடுங்கள். ரெய்டு நடுவில் யாராவது விதியே தப்பு என்று சண்டைக்கு வந்தால், அன்றைக்கு எண் சொல்கிறவருக்கே பொருளைக் கொடுத்துவிட்டு அடுத்த பாஸுக்குப் போங்கள், விதியைப் பற்றி ரெய்டு இல்லாத நாளில் உட்கார்ந்து பேசுங்கள்.