நேர்காணலில் முடிவெடுக்கும் திறனைக் காட்டுவது எப்படி?
‘உங்களுக்கு முடிவெடுக்கும் திறன் உண்டா என்று நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வது?’ என்று காரைக்குடியில் வேலை தேடும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

‘உண்டு’ என்று சொல்லிப் பயனில்லை. நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் மேற்பார்வை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி ஊரில் இல்லாத நாளில், கண்ணாடியின் மேல் வார்த்த கற்கள் தண்ணீரில் ஊறிப் பக்குவப்படும் முன்பே வாடிக்கையாளர் லாரியோடு வந்து நிற்க, பதமானவற்றை மட்டும் ஏற்றிவிட்டு, மீதிக்கு நாள் குறித்து, அன்று மாலையே முதலாளிக்குத் தொலைபேசியில் தெரிவித்திருந்தால், அதுவே நல்ல விடை. வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த நீங்களாகவே விலையைக் குறைத்திருந்தால் அது அத்துமீறல்.

பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் (செட்டிநாட்டு வணிகர்), பெட்டியடிப் பையனை (வேலை பழகும் சிறுவனை) அடுத்தாளாக்கி (உதவியாளாக்கி), பிறகே மேலாளாக்கியதிலும் (கடைப் பொறுப்பாளராக்கியதிலும்), எதைத் தானே முடிவு செய்யலாம், எதைக் கேட்க வேண்டும் என்ற இந்த எல்லையைப் பழக்கும் நோக்கம் இருந்தது என்பது என் எண்ணம். ஆகவே, எதைக் கேட்காமல் செய்தீர்கள் என்பதோடு, எதைக் கேட்டுச் செய்தீர்கள், ஏன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.