மிஷின் இசை பழசாகுமா? கேள்விகளும் பதில்களும்

எழுபது, எண்பதுகளின் மின்னிசை இன்று கேட்பவர்களுக்குப் பழசாகப் படுகிறதா என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். விரிவாகச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்கு: 1987 முதல் பதினேழு வருடம் ஈரோடு, கோபி, காங்கேயம் பக்கத்து நோம்பிகளில், அதாவது ஊர்த் திருவிழாக்களில், இன்னிசைக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசித்தவன். இப்போது ஈரோட்டில் கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறேன்.

பொள்ளாச்சி: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பழசாகக் கேட்கிறதா, இல்லையா?

சில ஒலிகள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. எத்தனை வருடம் ஆயிற்று என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரே வருடத்தில், 1980இல் வந்த இரண்டு டிரம் மெஷின்களைப் பாருங்கள்.

ஒன்று லின் எல்எம்-1. நிஜ டிரம்ஸை வாசித்துப் பதிவு செய்து, அந்தப் பதிவைச் சில்லுக்குள் ஏற்றியிருந்தார்கள். விலை ஏறக்குறைய 5,000 டாலர். இன்னொன்று ரோலண்ட் டிஆர்-808. அதில் பதிவு செய்த ஒலி எதுவுமே கிடையாது, எல்லாம் சுற்றுகள் உண்டாக்கும் சத்தம். சிம்பல் வேண்டுமா, ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டி எடுத்தார்கள். பேஸ் டிரம் என்பது அடித்தவுடன் தேய்ந்து அடங்கும் ஒரு ஆழமான ரீங்காரம். நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லையே என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கினார்கள். 1983இல் தயாரிப்பு நின்றது. மொத்தம் செய்தது சுமார் 12,000 மெஷின்தான்.

இப்போது எது பழசாகக் கேட்கிறது? எல்எம்-1 ஒலித்த உடனே எண்பதுகள் என்று சொல்லிவிடலாம். 808இன் அந்த நீண்ட பேஸ் அடியோ ஹிப்ஹாப்பிலும், இந்த மாதம் வந்த தமிழ்ப் படப் பாட்டிலும் இருக்கிறது. ஒன்றைப் போல ஒலிக்கப் பார்த்த மெஷினை, அடுத்து வந்த நல்ல மெஷின் பழசாக்கிவிடும். எதைப் போலவும் ஒலிக்காததை அப்படி ஓரங்கட்ட முடிவதில்லை. என் கட்சி இது. கீழே ஒரு தம்பி இதில் ஓட்டை போட்டிருக்கிறார், அதையும் படியுங்கள்.

திருப்பூர், கல்லூரி மாணவி: அப்பா காரில் போடும் எண்பதுகளின் பாட்டெல்லாம் ஒரே கண்ணாடி மணி மாதிரி ‘டிங் டிங்’ பியானோ. எல்லாப் பாட்டிலும் அதே ஒலி எப்படி வந்தது?

நல்ல காது அம்மணி உங்களுக்கு. நீங்கள் கேட்பது பெரும்பாலும் யமஹா டிஎக்ஸ்7, அல்லது அதன் வாரிசுகளில் ஒன்று.

அதன் கதை 1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர், ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் மிக வேகமாக ஆட்டினால் மணி, வெண்கலம், கண்ணாடி போன்ற சிக்கலான ஒலிகள் பிறப்பதைக் கண்டார். அதற்கு எஃப்எம் முறை என்று பெயர். யமஹா அந்த உரிமையை வாங்கி, பல வருடம் உழைத்து, 1983இல் டிஎக்ஸ்7ஐக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் பதினாறு சுரம் ஒலிக்கும். நினைவில் 32 ஒலிகள். அதற்கு முந்தைய சிந்தசைசர்களோடு, அதாவது மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கருவிகளோடு, ஒப்பிட்டால் இது அதிசயம்.

சிக்கல் எங்கே என்றால், புது ஒலி உருவாக்குவது மகா கஷ்டம். திருகிப் பார்க்கக் குமிழ் வரிசை இல்லை. தட்டையான பொத்தான்கள், ஒரு சின்னத் திரை, ஒரு ஒலிக்குள்ளே ஆறு அலைகள் ஒன்றையொன்று ஆட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைத் தொட்டால் மொத்தமும் மாறும். அதனால் உலகம் முழுக்க வாசித்தவர்கள் கம்பெனியே அமைத்துக் கொடுத்த ஒலியை, அதாவது பிரீசெட்டையே வாசித்தார்கள். எங்கள் குழுவும் அப்படித்தான். அந்த எலெக்ட்ரிக் பியானோ பிரீசெட்டை ஆறு வருடம் ஒரு புள்ளிகூட மாற்றாமல் வாசித்தேன். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பேஸும் வராது, மெல்லிய உச்சமும் வராது. நடுவில் இருக்கும் மணி ஒலி மட்டும் அடுத்த ஊர் வரை தெளிவாகப் போய்ச் சேரும். கச்சேரிக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆக, உங்களுக்குப் பழசாகக் கேட்பது எஃப்எம் முறை அல்ல, அந்த ஒரு பிரீசெட். அதே மெஷினில் ஒலியைத் தானே செதுக்கியவர்களின் இசையைக் கேட்டால் வருடம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சோமனூர்: புன்னகை மன்னன் தீம் இசையை 8டி வடிவில் கேட்டேன். செயற்கையாக, ஆழமில்லாமல் இருந்தது. அந்தக் காலத் தொழில்நுட்பம் அவ்வளவுதானா?

இல்லைங்க. 1986இல் வந்த அந்தத் தீமின் சீக்வென்சர் ஓட்டத்தை, அதாவது மெஷினே சுரங்களை வரிசையாக வாசிப்பதை, இன்றைக்கும் பாடமாகக் கேட்கலாம். நீங்கள் கேட்டது அந்தப் பதிவை அல்ல. 8டி என்பது யாரோ ஒருவர் ஒலியை இடதும் வலதுமாகச் சுற்றவிட்டு, எதிரொலியைக் கொட்டியது. இதை எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எந்தப் பிரதியில் கேட்டீர்கள் என்று பார்க்காமல் இசைக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். 8டி, பேஸ் பூஸ்ட், தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றியது, எதுவும் வேண்டாம். குறுந்தகடோ, நிறுவனமே வெளியிட்ட கோப்போ எடுங்கள். கேசட்டின் பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதியே ஆடும். அதைக் கேட்டுவிட்டு மெஷினைக் குறை சொன்னால் பாவம்.

கரூர்: வயலின் பழசாகாது. மிஷின் பழசாகும். இதை ஒப்புக்கொள்ள ஏன் தயக்கம்?

பாதி ஒப்புக்கொள்கிறேன். எண்பதுகளின் கடைசியில் கீபோர்டில் வந்த ‘வயலின் கூட்டம்’ இன்று பரிதாபமாகத்தான் இருக்கிறது. காரணம் நினைவகம். 1988இல் வந்த கோர்க் எம்1இல் வயலின், பியானோ, புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லா ஒலிக்கும் சேர்த்து இருந்த இடம் 4 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே ஏறக்குறைய அவ்வளவு வரும். ஒரு நொடித் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினால் வில்லின் மூச்சு எங்கே இருக்கும்?

ஆனால் நிஜ வயலினுக்கும் தேதி உண்டு. அறுபதுகளின் பதிவில் ஒற்றைத் தடம், ஒரே கூடத்தில் எல்லாரும், மைக்குக்கு எட்ட நின்ற வயலின்கள். கேட்ட உடனே காலம் தெரிகிறதே! பழசாக ஒலிப்பது கருவி மட்டுமல்ல, மைக்கும் கூடமும் எதிரொலியும் சேர்த்துத்தான். 1981க்குப் பிறகு உலகெங்கும் டிரம்ஸுக்குப் போட்ட, சட்டென்று வெட்டி நிறுத்தும் எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தது நிஜ டிரம்ஸ்தான். ஆனாலும் எண்பதுகள் என்று நெற்றியில் எழுதியிருக்கும்.

கோபி: அட்டாலியில் அப்பாவின் பழைய கேசியோ கிடைத்தது. வீட்டில் இருக்கும் அடாப்டரைப் போடலாமா?

போடாதீர்கள்! பழைய கேசியோக்களில் செருகியின் நடுமுனை எதிர்மின், யமஹாவில் நடுமுனை நேர்மின். இரண்டும் ஒரே துளையில் அழகாகப் பொருந்தும். மாற்றிச் செருகிக் கருகிய போர்டுகள் என் மேசைக்கு மாதம் தவறாமல் வருகின்றன. துளைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள், வோல்ட்டும் பாருங்கள். பேட்டரி அறையைத் திறந்து கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கோவை பீளமேடு: எதையும் நகல் எடுக்காத ஒலி பழசாகாது என்கிறீர்கள். அப்படியானால் ‘சூப்பர்சா’ என்ன ஆயிற்று? 1996இல் ரோலண்ட் ஜேபி-8000இல் வந்தது. எந்த வாத்தியத்தையும் நகல் எடுக்கவில்லை. ஆனால் கேட்டவுடனே தொண்ணூறுகளின் கடைசி, டிரான்ஸ் இசை என்று தெரிகிறது.

மேலே சொன்ன ஓட்டை இதுதான். இரண்டு நாள் யோசித்தேன்.

தெரியாதவர்களுக்கு: ஏழு ரம்பப்பல் அலைகளைக் கொஞ்சம் கொஞ்சம் சுருதி பிசகவிட்டு ஒன்றாக ஒலித்தால் வரும் பிரம்மாண்டமான ஒலி அது. தம்பி சொல்வது சரி, நகல் இல்லை. ஆனாலும் தேதி ஒட்டிக்கொண்டது. ஏன்? சில வருடங்களுக்குள் ஒரே வகை இசை அதைத் தேயத் தேயப் பயன்படுத்தியது. 808ஐ ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு வேலைக்கு எடுத்தது. முதலில் நடன இசை, பிறகு ஹிப்ஹாப், பிறகு திரைப்பாட்டு. ஆகவே என் கட்சியைத் திருத்திக்கொள்கிறேன். நகலா இல்லையா என்பது பாதி. எத்தனை பேர் எத்தனை விதமாகத் தொடர்ந்து கையாண்டார்கள் என்பது மீதி.

கரூர் (மீண்டும்): இவ்வளவு விளக்கமும் எதற்கு? உங்கள் இளவயதுப் பாட்டு உங்களுக்குப் புதிதாகவே இருக்கும். இது வெறும் ஏக்கம்.

ஏக்கமே இல்லாத ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். கையில் இருந்தவை ரோலண்டின் மூன்று கருவிகள்: 808, ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303. இந்த 303, கிதார் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கச் செய்த சின்னப் பெட்டி. பேஸ் கிதார் மாதிரி ஒலிக்கவில்லை என்று யாரும் வாங்காமல், சில வருடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

சிங்கின் தட்டும் விற்கவில்லை, மறந்தே போனார்கள். 2010இல் மறுபடி வெளியிட்டபோது ஐரோப்பிய இளைஞர்கள் அதிர்ந்துவிட்டார்கள். சிகாகோவில் 1987இல் இதே 303ஐ வைத்து வெளிவந்த ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை, அதற்கு ஐந்து வருடம் முன்பே பைரவி ராகத்தில் ஒலித்திருக்கிறதே என்று! அந்தத் தட்டோடு யாருக்கும் பள்ளிக்கூட நினைவு இல்லை, காதல் நினைவும் இல்லை. முதல் முறை கேட்டார்கள், புதிதாக இருந்தது. அதை எந்த ஏக்கத்தில் சேர்ப்பீர்கள்?

பீளமேடு (மீண்டும்): குறுக்கிடுகிறேன். அந்த இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் கேட்டுப் பழகியவர்கள். அதனால்தான் சிங் புதிதாகத் தெரிந்தார். 1982இல் கேட்டவருக்கு அது விநோதம் மட்டுமே. ஒலி அதேதான், காதுதான் மாறியது.

ஆமாம் கண்ணு, அருமையாகச் சொன்னீர்கள். தட்டில் ஒரு கீறல்கூட மாறவில்லை. நடுவில் வந்த இருபத்தெட்டு வருட இசை, கேட்பவர்களின் காதைத் தயார்செய்து வைத்திருந்தது. அப்படிப் பார்த்தால் திருப்பூர் அம்மணிக்குப் பழசாகக் கேட்கும் அந்த ‘டிங் டிங்’ பியானோவும் நிரந்தரமாகப் பழசு அல்ல. இன்று வீட்டறையில் இசை செய்கிற பிள்ளைகள் அந்த டிஎக்ஸ்7 ஒலியைத் தேடி எடுக்கிறார்கள். என்னிடமே வந்து கேட்கிறார்கள்.

பெருந்துறை: 8டி ஆடியோவில் கேட்டால்...

சோமனூர் பதிலைப் பாருங்கள்.

தாராபுரம்: எந்த ஹெட்போன் வாங்கலாம்? 8டிக்கு ஏற்றதாக...

எந்த ஹெட்போனும் சரி. 8டி வேண்டாம்.

சத்தியமங்கலம்: தனியார் பேருந்தில் கேட்கிற மாதிரி பேஸ் வீட்டில் வர என்ன செய்ய வேண்டும்?

அது என் தொழில் இல்லை. பேருந்துக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவரைக் கேளுங்கள்.

பல்லடம்: மிஷின் தாளத்தில் உயிர் இல்லை என்கிறார்களே?

பல்லடத்திலிருந்து இந்தக் கேள்வியா! ராத்திரி முழுக்கத் தறி ஓடும் வீட்டில் தூங்கி வளர்ந்தவன் நான். மாறாத தாளத்தைக் கொஞ்ச நேரம் கேட்டால் அதற்குள் இன்னொரு தாளம் கேட்கத் தொடங்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1977இல் டோனா சம்மர் பாடி, ஜார்ஜியோ மோரோடர் தயாரித்த ‘ஐ ஃபீல் லவ்’ கேளுங்கள். மோக் சிந்தசைசரின் பேஸ் ஓட்டம், அதன் எதிரொலியோடு சேர்ந்து குதிரைப் பாய்ச்சலாகிறது. அதில் பேஸ் டிரம் மட்டும் ஒரு மனிதர் காலால் வாசித்தது. மெஷினில் அந்த அடி திருப்தியாக வரவில்லை. உயிர் எது, மெஷின் எது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

அவிநாசி: இந்தியாவுக்கு சிந்தசைசர் எண்பதுகளில்தானே வந்தது?

1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் சிந்தசைசர் இருந்தது. அங்கே மின்னிசைக் கூடம் அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர்.

பவானி: மகளுக்குப் பதினான்கு வயது. பழைய மின்னிசையை எதிலிருந்து தொடங்கட்டும்?

வருடத்தைச் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு 1963இல் டெலியா டெர்பிஷைர் உருவாக்கிய தொடக்க இசை முதலில். கடையில் வாங்கச் சிந்தசைசரே கிடைக்காத காலம். ஒவ்வொரு சுரத்தையும் நாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டிச் சேர்த்தார். அடுத்து கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977 ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’. அப்புறம் சரண்ஜித் சிங். கேட்டு முடித்ததும் எது எந்த வருடம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். நல்ல பிரதியாக இருக்கட்டும், மறக்காதீர்கள்.

கரூர் (மூன்றாம் முறை): இன்னும் நான் ஏற்கவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வாருங்கள். உங்களுக்குப் பிடித்த வயலின் பதிவு ஐந்து கொண்டுவாருங்கள், நான் மெஷின் பதிவு ஐந்து எடுத்து வைக்கிறேன். பீளமேட்டுத் தம்பியும் வரட்டும், அவர் உங்களுடையதையும் என்னுடையதையும் கலந்து போடட்டும். நாம் இருவரும் தனித்தனித் தாளில் வருடம் எழுதுவோம். டீ என் செலவு.