குளிர்காலத்தில் புயெர்த்தெவெந்துரா: பறவை பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை

ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஆப்பிரிக்கக் கரைக்கு மிக அருகில், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது புயெர்த்தெவெந்துரா. நான்கு குளிர்காலங்களில் அங்கே போய்ப் பறவை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தப் பருவத்துக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

படங்களில் பார்த்தால் வெறும் கல்லும் மண்ணுமாக இருக்கிறது. மரமே இல்லாத இடத்தில் பறவை பார்க்க என்ன இருக்கிறது?

அந்த வறட்சிதான் அங்குள்ள பறவைகளை அங்கே வைத்திருக்கிறது. அதே தீவுக்கூட்டத்தின் தெனெரிஃபேயில் தெய்தே சிகரம் 3,715 மீட்டர். வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக்காற்று கொண்டுவரும் மேகம் அந்த மலைச்சரிவுகளில் மோதி நின்று காட்டுக்கு ஈரம் கொடுக்கிறது. புயெர்த்தெவெந்துராவின் மிக உயரமான இடமே 807 மீட்டர்தான். பழைய எரிமலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்துவிட்டன. மேகம் மேலாகக் கடந்து போய்விடுகிறது, மழை பெய்வது அபூர்வம்.

ஆகவே அங்கே தங்கியிருப்பவை பாலைநிலத்துப் பறவைகள். மணல் நிறத்தில் ஓடித்திரியும் கல்குருவி, வானம்பாடி, பெர்த்தலோ நெட்டைக்காலி, கண்கிலேடி, கருவயிற்றுக் கல்கௌதாரி என்று வரிசையாகச் சொல்லலாம். எக்காளச் சில்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பீப்பி ஊதலைப் போலவே அது மூக்கால் ஒலி எழுப்பும். சமவெளி காலியாகத் தெரிவது முதல் பத்து நிமிடங்களுக்கு மட்டும். கல் என்று நினைத்தது நடக்கத் தொடங்கும்.

எந்த மாதம் நல்லது? டிசம்பரில் போனால் குளிருமா?

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் என் தேர்வு. கொஞ்சநஞ்ச மழை அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் விழுகிறது. அதை நம்பித்தான் பறவைகள் குளிர்காலத்திலேயே துணை தேடத் தொடங்குகின்றன. பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவிலும் கடுங்குளிர் கிடையாது. ஆனால் காற்று நிற்காது. மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் அனல் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் நடுங்க வைக்கும். குளிர்காலத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஜனவரியில் சூரியன் 8 மணிக்குச் சற்று முன்புதான் உதிக்கிறது, அதனால் நடுராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை.

சில நாட்கள் சஹாராவிலிருந்து புழுதிக்காற்று வரும். அங்கே அதைக் கலீமா என்கிறார்கள். அன்று வானம் மஞ்சளாகிவிடும், தூரப் பார்வை போய்விடும். அப்படி ஒரு நாள் அமைந்தால் பள்ளத்தாக்குகளுக்குள் போய்விடுங்கள்.

ஹூபாரா கானமயிலைப் பார்க்கத்தான் போகிறேன். மூன்று நாள் போதுமா? எங்கே தேட வேண்டும்?

மூன்று நாளில் பார்த்தவர்கள் உண்டு. நானே முதல் பயணத்தில் ஐந்தாம் நாள்தான் பார்த்தேன். நம் நாட்டின் பெரிய தரைப்பறவையான கானமயிலின் உறவுக்காரப் பறவை இது, உருவில் சிறியது. இங்குள்ளது ஹூபாராவின் ஒரு துணையினம், அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள தனிக் கிளை. உலகில் அது புயெர்த்தெவெந்துரா, லன்சரோத்தே, லா கிராசியோசா ஆகிய தீவுகளில் மட்டுமே வாழ்கிறது.

வடக்கே திந்தாயாவைச் சுற்றியுள்ள சமவெளியும் எல் கோத்தியோவின் பின்புற வெளிகளும் நல்ல இடங்கள். சூரியன் எழும்போதே போய்ச் சேருங்கள். பாதையோரத்தில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். பிறகு காத்திருங்கள், வேறு உத்தி கிடையாது. ஆண் பறவை தலையிலும் கழுத்திலும் உள்ள வெள்ளை இறகுகளை விரித்துத் தலையை அதற்குள் புதைத்துக்கொண்டு ஓடும். தூரத்தில் ஒரு வெண்பந்து தானாக உருண்டு போவதைப் போல இருக்கும். வளைந்து வளைந்து ஓடி, நின்று, அடித்தொண்டையில் ஒலி கொடுக்கும். அதை முதல்முறை பார்த்த காலையில் என் கை நடுங்கியது, படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பறவை தென்பட்டதும் கதவைத் திறந்து இறங்கி நடக்காதீர்கள். வண்டிக்கு அது பழகியிருக்கிறது, நிமிர்ந்து வரும் மனித உருவத்துக்குப் பழகவில்லை. நீங்கள் பத்தடி வைத்தால் அது ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பதுங்கும். அன்றைய காலைப் பொழுது அந்தப் பறவைக்கு வீணாகிவிடும். அதன் இணைசேரும் பருவமே சில மாதங்கள்தான்.

அலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால் அருகில் வருமாமே? புகைப்படத்துக்காகக் கேட்கிறேன்.

வேண்டாம். கூடு கட்டும் நேரத்தில் எதிரி வந்துவிட்டது என்று அது தன் எல்லையைக் காக்க ஓடிவருகிறது. உங்கள் படத்துக்காக அந்தப் பதற்றத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது. பாதையை விட்டு வண்டியை வெளியில் ஓட்டுவதும் அப்படித்தான். முட்டைகள் வெறும் தரையில் கிடக்கும், சக்கரத்துக்கு அது தெரியாது.

அந்தத் தீவில் மட்டுமே உள்ள ஒரு சின்னக் குருவி இருக்கிறதாமே?

கனேரிப் புதர்ச்சிட்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. வடக்கே உள்ள சில குட்டித்தீவுகளில் இதன் இன்னொரு துணையினம் இருந்தது, அது அழிந்துவிட்டது. மிச்சமிருப்பது இந்த ஒரு தீவில்தான்.

பலர் செய்யும் தவறு, இதைச் சமவெளியில் தேடுவது. இதற்கு வேண்டியது கல் நிறைந்த சரிவும் புதர்களும். கிழக்குக் கரையில் சலினாஸ் தெல் கார்மென் உப்பளத்துக்குப் பக்கத்தில் பர்ராங்கோ தெ லா தோர்ரே என்ற வறண்ட ஓடை இருக்கிறது. அதன் ஓரமாக நிதானமாக நடந்து போங்கள். ஆணுக்குக் கருந்தலை, வெண்தொண்டை, நெஞ்சில் ஆரஞ்சுச் சாயம். கல்லின் உச்சியிலோ புதரின் நுனியிலோ வந்து உட்காரும், தரைக்கு இறங்கிப் பூச்சியைக் கொத்திவிட்டு மறுபடி அதே உச்சிக்கு ஏறும். இருபது நிமிடம் ஒரே இடத்தில் நில்லுங்கள். அது உங்களைச் சுற்றி வந்துவிட்டுப் போகும்.

விசா, பணம், நேரம்?

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா. பணம் யூரோ. கடிகாரம் ஸ்பெயின் பெருநிலத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

கழுகு வகைகள் உண்டா? என் அம்மா திருக்கழுக்குன்றத்துக் கழுகு பற்றிச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

அப்படியென்றால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளையில் வந்து உணவு வாங்கிச் சென்றது மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு. அதே இனம் இங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் இதைக் கிர்ரே என்கிறார்கள். ஐரோப்பியப் பாறுகள் குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகின்றன, இது போவதில்லை. உடலும் சற்றுப் பெரியது. 2002-இல்தான் இதைத் தனித் துணையினமாக விவரித்தார்கள். மின்கம்பிகளும் நஞ்சும் இதை ஒரு காலத்தில் விளிம்புவரை தள்ளிவிட்டன. பாதுகாப்புப் பணிகளுக்குப் பிறகு எண்ணிக்கை ஏறி வருகிறது. பல பறவைகளின் காலில் எழுத்திட்ட வளையம் தெரியும். படிக்க முடிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆய்வாளர்களுக்கு அது உதவும்.

பெத்தாங்குரியாவிலிருந்து பஹாராவுக்குப் போகும் மலைச்சாலையில் காத்திருந்தால் தலைக்கு மேலேயே மிதக்கும். அந்தச் சாலையின் காட்சிமுனைகளில் அண்டங்காக்கைகளும் அணில்களும் கையருகே வந்து நிற்கும். அணில் அந்த மண்ணுக்குரியது அல்ல, 1965-இல் மொராக்கோ பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. எதற்கும் தீனி கொடுக்காதீர்கள்.

வாடகைக் கார் அவசியமா?

அவசியம். ஊருக்கு ஊர் பஸ் உண்டு, ஆனால் விடியலில் சமவெளிக்கு அது உங்களைக் கொண்டுபோகாது. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய உரிமத்துடன் பன்னாட்டு அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் மண்பாதை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். மூன்றாவது பயணத்தில் மண்பாதையில் எனக்கு டயர் கிழிந்தது, காப்பீடு அதற்குப் பொருந்தாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முழுத் தொகையும் நான்தான் கட்டினேன்.

எரிமலை வெடிக்குமா?

புயெர்த்தெவெந்துராவில் கடைசி வெடிப்பு நடந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. லன்சரோத்தேதான் 1730 முதல் 1736 வரை எரிந்தது. அந்தப் பயத்துக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

சைவ உணவு கிடைக்குமா?

உப்பு நீரில் சுருங்க வெந்த சிறு உருளைக்கிழங்கும் அதற்கான மோஹோ சாறும் எல்லா இடத்திலும் உண்டு. தீவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி அருமை. கோஃபியோ என்பது வறுத்த தானிய மாவு, நம் சத்துமாவுக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடிக்கும்.

அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அரை மணிக்கு மேல் நடக்க முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் பறவைகளை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். அழைத்துப் போகலாமா?

தயங்காமல் அழைத்துப் போங்கள். இந்தத் தீவில் நடப்பவரைவிட உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அதிகம் கிடைக்கும். முதல் இரண்டு காலைகளைத் திந்தாயாவில் காருக்குள்ளேயே கழியுங்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு சின்ன மணல்பையை வைத்து அதன் மேல் அவருடைய தொலைநோக்கியைச் சாய்த்துக் கொடுத்தால் கை வலிக்காது, காற்றிலும் ஆடாது.

மூன்றாம் நாள் லோஸ் மொலினோஸ் நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். சில ஆண்டுகளில் தண்ணீர் மிகவும் வற்றிவிடும், இருந்தாலும் போங்கள். சக்கரவாகங்கள் அங்கே ஆண்டு முழுதும் இருக்கின்றன. விடிந்து இரண்டு மணி நேரம் ஆனபின் கல்கௌதாரிகள் கூட்டமாகத் தண்ணீர் குடிக்க வரும். பறவை தெரிவதற்கு முன்பே குமிழியிடும் குரல் வானத்தில் கேட்கும். குஞ்சுகள் இருக்கும் காலத்தில் ஆண் பறவை வயிற்றிறகைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு பறந்து போய் அவற்றுக்கு ஊட்டும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போய் அப்பாவைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். ஒன்பதரை மணிக்குள் அந்த இடத்தில் இருங்கள்.