வாயு கசிந்தால் ஓடுவதா, உள்ளேயே இருப்பதா?

கேள்வி: 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். 'வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கணும்' என்கிறார்கள் சிலர். எங்களுடையது சிமெண்ட் ஷீட் வீடு. எது சரி?
*– வாசகி, எண்ணூர்*

பதில்: கான்கிரீட் கூரையும், இறுக்கி மூடும் ஜன்னலும் உள்ள வீடு என்றால் உள்ளே இருப்பதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. வாயுமேகம் ஒரு தெருவைக் கடந்து போகச் சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ ஆகலாம். அதுவரை வெளிக்காற்று உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் ஷீட் வீட்டில் அது நடக்காது. ஷீட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற சந்து இருக்கும். அத்தனையையும் அந்த நேரத்தில் துணி வைத்து அடைக்க முடியாது. ஆகவே நீங்கள் ஓடியது தவறில்லை. எந்தப் பக்கம் ஓடினீர்கள் என்பதுதான் முக்கியம்.

காற்று அடிக்கும் திசையிலேயே ஓடினால் வாயு உங்கள் கூடவே வரும். எதிர்த்து ஓடினால் கசிவு இருக்கும் இடத்துக்கே போய்ச் சேருவீர்கள். காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகுங்கள். மேகம் நீளமாகத்தான் போகும், அகலம் குறைவு. காற்றின் திசையை இருட்டில் கண்டுபிடிக்க, மொட்டைமாடிக் கம்பியிலோ கொடிமரத்திலோ வெளிர்நிற நாடா ஒன்றை எப்போதும் கட்டி வையுங்கள். டார்ச் அடித்தால் தெரியும்.

அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. குழாயிலிருந்து வெளியே வரும்போது கடுங்குளிராக, ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பனிமூட்டமாகத் தரையை ஒட்டியே நகரும். இரவில் காற்று அசையாமல் படிந்திருப்பதால் அது கலைவதும் தாமதம். அதனால்தான் பேரிடர்க் கையேடுகளில் பாதுகாப்புத் தூரம் பகலுக்கு ஒன்று, இரவுக்கு அதைவிட அதிகம் என்று போட்டிருக்கும்.

நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் சில நிமிடங்களுக்கு அது கைகொடுக்கும். குளோரினுக்குக் கொஞ்சம்தான் பயன், எல்பிஜிக்குப் பயனே இல்லை.

அடுத்த முறை உள்ளே போய் அடைத்துக்கொள்ள, தெருவுக்கு ஒரு மாடி வீட்டையாவது இப்போதே பேசி வையுங்கள். ஜன்னல் குறைந்த ஓர் அறை, அளந்து வெட்டிய பிளாஸ்டிக் ஷீட், அகலமான டேப், கதவடியில் செருக நாலு துண்டு, ஒரு ரேடியோ இருந்தால் போதும். தலைக்குப் பத்து சதுர அடி என்று கணக்கு வைத்தால், 10-க்கு 12 அறையில் 12 பேர் சுமார் ஐந்து மணி நேரம் தாங்கலாம். ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டையும் நிறுத்துங்கள். அடுக்களைப் புகைபோக்கியையும் பாத்ரூம் வென்டிலேட்டரையும்தான் எல்லோரும் மறப்பார்கள்.

கேள்வி: அப்படி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்போது திறப்பது?
*– வாசகர், மணலி*

பதில்: ஆபத்து நீங்கிவிட்டது என்ற அறிவிப்பு வந்த உடனே. மேகம் கடந்து போனபிறகு வெளியே காற்று சுத்தமாகிவிடும். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்த வாயுவோ அறையிலேயே தங்கிவிடும். 'எதற்கும் இன்னும் கொஞ்ச நேரம்' என்று மூடியே வைத்திருப்பவர்கள்தான் தேவையில்லாமல் அதைச் சுவாசிக்கிறார்கள். எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள்.

கேள்வி: 2025 ஜனவரியில் இங்கே அவினாசி சாலை மேம்பாலத்தில் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்தது. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். அந்த இடத்தில் நாம் நின்றால் என்ன செய்ய வேண்டும்?
*– வாசகர், கோவை*

பதில்: நிற்கக் கூடாது. எல்பிஜிக்கு வீட்டை அடைத்துக்கொள்ளும் யோசனை சரிவராது, தள்ளிப் போவதுதான் வழி. எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர். பெரிய கசிவென்றால் காற்று போகும் பக்கம் 800 மீட்டர். டேங்கரைத் தீ சூழ்ந்துவிட்டால் சுற்றிலும் 1,600 மீட்டர், அதாவது ஒரு மைல். தீயில் டேங்கின் மேற்பகுதித் தகடுதான் முதலில் இளகும், ஏனென்றால் அங்கே சூட்டை இழுத்துக்கொள்ளத் திரவம் இல்லை. தகடு கிழிந்த நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் தீப்பந்தாகும்.

கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, உறைந்த ஈரப்பதம்தான். வாயு அதையும் தாண்டிப் பரவியிருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் சாக்கடையிலும் பள்ளத்திலும் இறங்கி ஓடும். பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டும் போகாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு நடங்கள். பக்கத்துக் கடைக்காரர் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

தள்ளிப் போனபின் 112-க்குப் பேசுங்கள். டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள பலகையில் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும்: எல்பிஜிக்கு 1075, அமோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017. தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். அந்த எண் தெரிந்தால் தீயணைப்பு வண்டி சரியான கருவிகளோடு கிளம்பும். அதே பலகையில் உள்ள அவசரக் குறியீடு 'E' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால், பொதுமக்களை அப்புறப்படுத்துவது பற்றி முடிவெடுக்க வேண்டிய சரக்கு என்று பொருள்.

கேள்வி: வாயு பட்டவருக்கு வீட்டில் என்ன முதலுதவி?
*– வாசகி, தூத்துக்குடி*

பதில்: முதலில் உடுப்பைக் கழற்றுங்கள். உடம்பில் ஒட்டியதில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். தலைவழியாகக் கழற்ற வேண்டிய டி-சர்ட், சுடிதாரைக் கத்தரியால் வெட்டுங்கள், முகத்தில் உரசக் கூடாது. துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெளியே வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீரும் சோப்பும். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர். பால், எலுமிச்சை, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அமோனியா காரப்பொருள் (ஆல்கலி) என்பதால் எரிச்சல் அடங்கினாலும் கண் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குளோரின் சுவாசித்தவர் 'இப்போ பரவாயில்லை' என்று சொன்னாலும் தனியே விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள், நடக்க வைக்காதீர்கள், மூச்சு வாங்கினால் 108.

கேள்வி: ஆலைக்காரர்கள் எங்களிடம் இதுவரை எதுவுமே சொன்னதில்லை. கேட்க உரிமை உண்டா?
*– வாசகர், எண்ணூர்*

பதில்: உண்டு. அபாயகர வேதிப்பொருள்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெரிய அளவில் அவற்றை வைத்திருக்கும் ஆலை, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. வெளியே இருக்கும் ஊருக்கான திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை, அது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஊருக்கே சொல்லாமல் நடத்தும் ஒத்திகையால் ஊருக்கு என்ன பயன்?

ஊர்க்கூட்டம் போட்டு, ஆட்சியருக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் எழுத்தில் கேளுங்கள்: என்ன வாயு, எத்தனை டன்? சைரன் எத்தனை முறை ஊதினால் உள்ளே இரு, எத்தனை முறை ஊதினால் வெளியேறு? நள்ளிரவில் ஒலிபெருக்கியோடு வரப்போவது யார்? எங்கள் தெருவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் முகாம், சாவி யாரிடம்? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள்.