தம்பிக்கு என்பேரில் என்ன குறை?

கேள்வி: எனக்கு வயது 67. முப்பத்திரண்டு ஆண்டுகள் மும்பையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். அப்பா 2016-இல் காலமானபோது, அவர் கட்டிய வீட்டைத் தம்பி பெயருக்கே உயில் எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. தம்பி அப்பாவோடு ஊரிலேயே இருந்துவிட்டான். அந்த வீட்டுக்கு மாடி எடுக்க மும்பையிலிருந்து பணம் அனுப்பியவன் நான். தங்கைக்குக் கல்யாணத்தின்போதே செய்துவிட்டோம். உயிலை எதிர்த்து வழக்குப் போட்டேன். அது இன்னும் நடக்கிறது. தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். 88 வயதான அம்மா அவனோடுதான் இருக்கிறார்கள். அவன் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துச் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருகிறேன். தினமும் விடியற்காலையில் வேதம் வாசிக்கிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஐந்து முறை முடித்திருக்கிறேன். ஆனாலும் திருவிருந்து ஆராதனையில் அருகில் இருப்பவருக்குக் கை நீட்டிச் சமாதானம் பரிமாறும்போது என் கை நடுங்குகிறது. மன்னிப்பே கேட்காதவனை நான் மன்னிக்க வேண்டுமா? மன்னித்தால் வழக்கையும் விட்டுவிட வேண்டுமா? இவ்வளவு வாசித்தும் எனக்கு ஏன் சமாதானம் இல்லை?

— ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்பான சகோதரருக்கு, கர்த்தருக்குள் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களை ஐந்து முறை வாசித்து முடிப்பதற்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும் என்பதை நான் அறிவேன். நானும் அப்படிக் கணக்கு வைத்து வாசித்தவள்தான். ஆனால் அன்றைய பகுதியை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வாசிக்கும்போது, நமக்குப் பழக்கமான வசனங்கள் நம்மைத் தொடாமலே கடந்து போய்விடுகின்றன. கண்ணாடியிலே தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை விட்டுப் போனவுடனே தன் சாயல் இன்னதென்று மறந்துவிடுகிற மனுஷனைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவன் பார்க்காதவன் அல்ல, பார்த்தவன்தான். கண்ட முகத்தை வைத்துக்கொண்டு அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதே யாக்கோபின் வருத்தம்.

மத்தேயு 5:23, 24 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." இந்த வசனத்தை வைத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு பாடம் எடுக்க நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்த இரவு என் நினைவில் அப்படியே இருக்கிறது. அப்போது எனக்கும் என் அக்காவுக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அம்மாவின் நகைகளில் எனக்கென்று சொல்லி வைத்திருந்த இரட்டைவடச் சங்கிலியை அக்கா தன் மகளுக்குப் போட்டு அனுப்பிவிட்டார் என்பதுதான் காரணம். அதுவரை அந்த வசனத்தை வாசித்த ஒவ்வொரு முறையும், "அக்காபேரில் எனக்குக் குறை உண்டு, அதை நான் மன்னிக்க வேண்டும்" என்றே என் மனம் அதைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தது. அன்றிரவு வாக்கியத்தைப் பகுதி பகுதியாக நோட்டில் எழுதியபோதுதான் கண்ணில் பட்டது. ஆண்டவர் சொல்வது "உன்பேரில் உன் சகோதரனுக்கு" உள்ள குறை. என் அக்காவுக்கு என்மேல் என்ன குறை இருக்கும் என்று ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

அந்த வாரமே போய்க் கேட்டேன். அக்கா நீண்ட நேரம் பேசவே இல்லை. பிறகு, "அம்மா ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தார்கள். நீ இரண்டு தரம் வந்தாய், இரண்டு தரமும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாய்" என்றார். அது உண்மை. பள்ளிக்கூடத்தில் தேர்வு நேரம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல வாயில் வரவில்லை. சங்கிலி எனக்குத் திரும்பி வரவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எங்களுக்குள் எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டிலிருந்து முறுக்கும் அச்சுமுறுக்கும் வந்தன.

இப்போது உங்கள் கடிதத்தையே அந்த வசனத்தின் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். "தம்பி அப்பாவோடு ஊரிலேயே இருந்துவிட்டான்" என்று அரை வாக்கியத்தில் எழுதிக் கடந்து போகிறீர்கள். நீங்கள் மும்பையில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில், இரவில் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது ஆட்டோ தேடி ஓடியது யார்? வெளியூர் வேலை எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டுக் கடையோடு நின்றவர் யார்? இன்று 88 வயது அம்மாவைக் குளிக்க வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிற வீடு யாருடையது? நீங்கள் அனுப்பிய பணம் சிறிதென்று நான் சொல்லவில்லை. மும்பையில் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் போக ஊருக்கு அனுப்புவது எத்தகைய பாடு என்பதை அனுப்பியவர்களே அறிவார்கள். ஆனால் நீங்கள் அனுப்பியதற்கு மணியார்டர் ரசீது இருந்திருக்கும். உங்கள் தம்பி செய்ததற்கு ரசீது கிடையாது. உங்கள் அப்பாவின் உயில், ஒருவேளை அவர் அறிந்த விதத்தில் எழுதிக் கொடுத்த ரசீதாக இருக்கலாம். இது என் ஊகம்தான். விடை உங்கள் தம்பியிடம் இருக்கிறது, கேட்டால் ஒழியத் தெரியாது.

இந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமம் பயன்படுத்துகிற சொல்லையும் கவனியுங்கள். "மன்னித்துவிட்டு வா" என்று அங்கே இல்லை, "ஒப்புரவாகி" என்று இருக்கிறது. திருக்குறளில் "ஒப்புரவறிதல்" என்று ஓர் அதிகாரமே உண்டு. ஊரோடு ஒத்து, பிறருக்குக் கொடுத்து உதவி வாழ்கிற கடமையை அங்கே அந்தச் சொல் குறிக்கிறது. மன்னிப்பை ஒருவர் தன் அறைக்குள் முழங்காலில் நின்று முடித்துக்கொள்ள முடியும். ஒப்புரவுக்கு இன்னொருவருடைய வாசற்படியை மிதிக்க வேண்டும். இந்த வார்த்தைகளைக் கலிலேயாவில் கேட்டவர்களுக்குப் பலிபீடம் இருந்தது எருசலேமில். வழி நூறு கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நான்கு நாள் நடை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து சகோதரனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் எருசலேமுக்கு வரச் சொல்கிறார் இயேசு. உங்களுக்கு இரண்டு தெரு.

தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டில் சமாதானம் பரிமாறுவது காணிக்கைக்கு முன்னால் வருவதும் இந்த வசனத்தை ஒட்டித்தான். உங்கள் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வேதவாசிப்பின் தோல்வியாக நான் எண்ணவில்லை. ஐந்து முறை வாசித்த வசனங்கள் வீணாகப் போயிருந்தால் அந்தக் கை எந்தக் கூச்சமும் இல்லாமல் நீண்டிருக்கும். அந்த நடுக்கத்துக்காக நான் தேவனைத் துதிக்கிறேன்.

மன்னிப்புக் கேட்காதவரை மன்னிக்க வேண்டுமா என்பது எளிய கேள்வி அல்ல. லூக்கா 17:3-இல், "உன் சகோதரன் உனக்குக் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று வாசிக்கிறோம். தம்பி இன்னும் மனஸ்தாபப்படவில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் முதல் பாதியையும் நீங்கள் செய்யவில்லையே. மத்தேயு 18:15-இன்படி "நீயும் அவனும் தனித்திருக்கையில்" போய்ப் பேசுவது முதற்படி. நீங்கள் அதைத் தாண்டி நேராக வக்கீல் நோட்டீஸுக்குப் போய்விட்டீர்கள். தம்பி கேட்டுக்கொண்டாரா இல்லையா என்று தெரிவதற்குக்கூட அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா?

அதே அதிகாரத்தில் வருகிற இரண்டு கடன்களின் உவமையில், ஒரு விஷயத்தை நம் பிரசங்கங்கள் பல நேரம் தவறவிடுகின்றன. முதல் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். அப்படியானால் அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி, அதாவது ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் இரண்டு இலட்சம் ஆண்டுகள். அந்தக் கடனை ராஜா மன்னித்துவிட்டார். அவனோ தன் உடன்வேலைக்காரனுடைய தொண்டையைப் பிடித்துக் கேட்டது நூறு வெள்ளிப்பணம். இதை அற்பத்தொகை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம், ஆனால் அது மூன்று மாதத்துக்கு மேலான கூலி. ஒரு கூலிக்காரன் வீட்டில் அது பெரிய பணம். உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தை இயேசு ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை, அதை எண்ணித்தான் சொல்லியிருக்கிறார். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று மத்தேயு 6-இல் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தபோதும், கடன் நிஜமான கடன் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நூறு வெள்ளிப்பணத்துக்காகச் சகோதரனுடைய தொண்டையைப் பிடிக்காதிருப்பது, அவர் மன்னிப்புக் கேட்கும் முன்னே உங்களால் செய்யக்கூடியது. உறவு முழுவதும் சீராவதற்கு இருவரும் வேண்டும். அதற்கு உங்கள்மேல் மாத்திரம் பாரம் வைக்கவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-இல் பவுல் அளந்தே எழுதுகிறார்.

(அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறியவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். இந்த வசனங்களைக் காட்டி உங்களைத் திரும்பிப் போகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் எழுதுவது ஒரு வீட்டுக்காகப் பிரிந்த இரண்டு சகோதரருக்கு.)

வழக்கைப் பற்றி. ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி தன் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும் என்று ஒருவன் வந்து கேட்டபோது, "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்றார் இயேசு. அவர் ஏற்காத வேலையை நான் ஏற்கமாட்டேன். ஆனால் நீங்கள் எதற்காகப் போராடுகிறீர்கள் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துகிற 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, தகப்பன் தாமே சம்பாதித்த சொத்தைத் தம் விருப்பப்படி யாருக்கும் உயில் எழுதலாம். உயில் செல்லாது என்றே தீர்ப்பானாலும், மூன்றில் ஒரு பங்கு உங்கள் அம்மாவுக்குப் போகும்; மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமம். மகன் என்றும் மகள் என்றும் அங்கே வித்தியாசம் கிடையாது. ஆக உங்களுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு, உங்கள் தங்கைக்கும் அதே ஒன்பதில் இரண்டு பங்கு. "கல்யாணத்தின்போதே செய்துவிட்டோம்" என்று ஒரே வரியில் நீங்கள் ஒதுக்கிய அந்தத் தங்கைக்கு, உங்கள் இருவர்பேரிலும் குறை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

கொரிந்தியருக்குப் பவுல், "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை" என்று கேட்கிறார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழக்கைத் திரும்பப் பெறவே விரும்புவேன்; ஆனால் மனம் ஒப்பாமல் விட்டுக்கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் தம்பிக்கு அதைக் கணக்குக் காட்டிக்கொண்டிருப்பதற்கு, வழக்கைச் சமரசத்துக்குக் கொண்டுபோவது மேல். நடந்துகொண்டிருக்கிற வழக்கை நீதிமன்றச் சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ அனுப்பும்படி இரு தரப்பும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. மாடிக்கு நீங்கள் அனுப்பிய பணத்தைப் பற்றி அங்கே மனம் திறந்து பேசலாம். வழக்காடு மன்றத்தில் பேசமுடியாத அப்பாவின் கடைசி நாட்களையும் அங்கே பேசலாம்.

இதெல்லாம் நடந்தபின் தம்பியோடு பழையபடி ஒரே இலையில் சாப்பிட வேண்டுமா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். ஆதியாகமம் 33-இல் ஏசா ஓடிவந்து, தன்னை ஏமாற்றித் தகப்பனின் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்ட தம்பி யாக்கோபைக் கட்டிக்கொண்டு அழுகிறான், "எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கு இருக்கட்டும்" என்கிறான். இழந்தவன் சொல்லுகிற வார்த்தை அது. ஆனால் ஏசா குடியிருந்த சேயீருக்கு வருவதாகச் சொன்ன யாக்கோபு, சுக்கோத்துக்குப் போய்த் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறான். அவர்களுக்குள் சமாதானம் வந்தது, தூரமும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சகோதரர் இருவரையும் வேதம் சேர்த்துக் காட்டுகிற இடம் 35-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், தகப்பனாகிய ஈசாக்கை அவர்கள் அடக்கம்பண்ணுகிற நேரம்.

உங்கள் அம்மா இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை தம்பி கடைக்குப் போகும் நேரத்துக்குப் போகாமல், அவர் கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு போங்கள். உயிலைப் பற்றி முதல் நாளே பேச வேண்டாம். அம்மாவின் அருகில் உட்கார்ந்திருங்கள். தம்பி உள்ளே வந்தால், "உனக்கு என்பேரில் என்ன குறை, சொல்லு, கேட்க வந்திருக்கிறேன்" என்று மாத்திரம் கேளுங்கள். அவர் கோபமாகப் பேசினால் பேசட்டும், இடையில் பதில் சொல்லாதிருங்கள். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டால், அடுத்த சனிக்கிழமையும் அதே நேரத்துக்குப் போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் மூவர் பெயரையும் இன்றிலிருந்து என் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.